கம்பளியா, பட்டா, இரண்டும் சேர்த்தா? புதுச்சேரியில் ஸ்கார்ஃப் செய்ய உட்காரும் முன்

சித்தி மகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் போன் செய்து, "அக்கா, நீங்க பண்றீங்களே கம்பளியும் பட்டும் சேர்த்து, அந்த ஸ்கார்ஃபை நானும் பண்ணி பாண்டிக் கடைகளுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். எந்த மாதிரி பண்ணட்டும்?" என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஏனென்றால் ஃபெல்ட் ஸ்கார்ஃபில், அதாவது நெய்யாமல் கம்பளியைச் சடை பிடிக்க வைத்துச் செய்கிற ஸ்கார்ஃபில், முழுக் கம்பளி உண்டு, சிலந்தி வலை போல மெல்லியது உண்டு, பட்டுத் துணியில் கம்பளியை ஏற்றுவது உண்டு, ஊசியால் குத்தி ஒட்டவைப்பதும் உண்டு. நாலையும் செய்து பார்த்தவள் நான். இரண்டில் கையைச் சுட்டுக்கொண்டேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மார்கழி விடியலில் கடற்கரைச் சாலைக்குப் போனால் காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்க்கலாம். இருபத்திரண்டு டிகிரியே நமக்குக் குளிர்தான். ஆனால் அவர்கள் நம் வாடிக்கையாளர்கள் இல்லை. அந்த மப்ளர் பத்து வருஷமாக வீட்டில் இருப்பது, இன்னும் பத்து வருஷம் இருக்கும். என்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுலா வருகிறவர்கள். மீதிப் பேர் பிரான்சில் குடியிருக்கும் நம்மூர்க்காரர்கள். சொல்தா குடும்பம் என்று இங்கே சொல்வோமே, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் அங்கே போய்க் குடியேறிய குடும்பங்கள், அவர்களும் அதில் சேர்த்தி. அவர்கள் விடுமுறைக்கு வருவது ஜூலை, ஆகஸ்டில். ஊரே வேர்த்து வழிகிற நேரத்தில், ஃபேன் மட்டும் ஓடுகிற ஒரு கடையில் நின்றுகொண்டு, பாரீஸ் டிசம்பருக்கு ஒரு ஸ்கார்ஃப் எடுக்கிறார்கள். ஆக நாம் செய்கிற சாமான் குளிரில் கழுத்துக்கு இதமாக இருந்தால் மட்டும் போதாது, வேர்த்த கை தொட்டுப் பார்க்கும்போதும் உறுத்தக்கூடாது. நாலு வகையையும் நான் இந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன். குளிர் நாட்டில் உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஃபெல்ட் என்பது நூற்காத, நெய்யாத துணி. கம்பளி இழையின் மேல் செதில் செதிலாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடியில் தெரியும். சின்ன வயசில் புல் கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியிருப்போம். கையை ஆட்ட ஆட்ட அது மேலே ஏறுமே தவிர கீழே இறங்காது. கம்பளி இழையும் அப்படித்தான் ஒரே பக்கமாக நகரும். வெந்நீரும் சோப்பும் இழையை இளக்கிச் செதிலைத் தூக்கிவிடும்; நாம் அழுத்தி உருட்ட உருட்ட இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறிச் சிக்கு விழும். சீவாத தலையில் சடை பிடிப்பது போல. பிடித்த பிறகு பிரிக்க முடியாது. காஷ்மீரில் நம்தா என்ற விரிப்பைக் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். பட்டில் இந்தச் செதில் இல்லை. பட்டை எவ்வளவு தேய்த்தாலும் தானாகச் சடை பிடிக்காது. கம்பளி வந்து பிடித்துக்கொண்டால் உண்டு. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

முழுக் கம்பளி ஸ்கார்ஃபில்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான். கம்பளித் திரியை மெல்ல இழுத்துப் பிரித்து ஒரு அடுக்கு நீளவாக்கில், ஒரு அடுக்கு குறுக்கே என்று பரப்பி, நனைத்து உருட்டினால் தயார். தவறு நடக்க இடம் குறைவு. எங்காவது மெலிந்திருந்தால் அங்கே கொஞ்சம் கூடுதலாக வைத்துச் சரிக்கட்டலாம். ஒரு ஸ்கார்ஃபுக்கு நூறு கிராம் பக்கம் கம்பளி இழுக்கும். என் முதல் ஸ்கார்ஃபை அம்மா கழுத்தில் போட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஊட்டிக்குப் போறப்ப போட்டுக்கறேன்" என்றார். அதோடு அது பீரோவுக்குள் போனது. ஊட்டிக்கு இன்னும் போகவில்லை. கடையிலும் இதே கதைதான். எடுத்துப் பார்ப்பார்கள், கனத்தைப் பார்த்தவுடன் கீழே வைத்துவிடுவார்கள். கற்றுக்கொள்ள ஒன்று செய்யலாம், விற்கச் செய்ய வேண்டாம்.

அடுத்தது சிலந்தி வலை மாதிரி. ஒரே ஒரு மெல்லிய அடுக்கு, வேண்டுமென்றே அங்கங்கே ஓட்டை விட்டு, ஈரமாக இருக்கும்போதே இழுத்து நீட்டிச் செய்வது. முப்பது நாற்பது கிராமில் முடிந்துவிடும், பார்க்கக் கொள்ளை அழகு. வேர்த்த கைக்கும் பாரமில்லை. ஆனால் தோடு, சங்கிலி, வளையல் எது பட்டாலும் மாட்டிக்கொண்டு இழுபடும். நம் பெண்கள் கழுத்திலும் காதிலும் ஒன்றும் போடாமல் கடைக்கு வருவதில்லையே! ஜாக்கெட் பட்டனுக்கும் அதே கதி. பரிசாகக் கொடுக்கலாம். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் ஒரு மாதத்தில் திரும்பி வரும்.

ஊசியால் குத்துகிற முறையில் தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம். ஓரத்தில் முள் முள்ளாக வெட்டு உள்ள ஊசியால் கம்பளியைத் துணிக்குள் குத்தி இறக்குவது. மணிக்கட்டு வலி இருப்பவர்களுக்கும், வீட்டில் தண்ணீர்க் கஷ்டம் இருப்பவர்களுக்கும் சௌகரியம் என்று தோன்றும். பட்டில் செய்தால் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு துளை விழுகிறது. மெல்லிய பட்டு தாங்காது. பின்பக்கம் பஞ்சு பஞ்சாகத் துருத்திக்கொண்டிருக்கும், தேய்ந்தால் பூ உதிரும். பை, பொம்மை, கனமான கம்பளிச் சால்வையில் ஒரு சின்னப் பூ, இவற்றுக்குச் சரி. ஸ்கார்ஃபுக்கு வேண்டாம்.

மிச்சம் இருப்பது பட்டுத் துணியில் கம்பளியை ஏற்றுவது. இதை நூனோ என்கிறார்கள். நூனோ என்றால் ஜப்பானிய மொழியில் துணி. பேர்தான் ஜப்பானியப் பேர், முறை பிறந்தது 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில். பாலி ஸ்டெர்லிங் என்ற கலைஞரும் அவருடன் வேலை செய்த சச்சிகோ கோட்டாக்காவும் உருவாக்கினார்கள். அங்கேயும் வெயில்தானே! கனமான ஃபெல்ட்டைப் போட முடியாத ஊரில் இருப்பவர்களுக்குத்தான் இப்படி யோசிக்கத் தோன்றும் என்று நினைத்துக்கொள்வேன்.

செய்முறை இதுதான். பட்டுத் துணியை விரித்து அதன்மேல் கம்பளியை மெலிதாக, சில இடம் வெறுமையாக விட்டு, ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். மேலே கொசுவலைத் துணி போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து, கையால் அழுத்தி, ஒரு பிவிசி குழாயில் சுற்றி உருட்ட வேண்டும். நூறு உருட்டு உருட்டிப் பிரித்து, மறுமுனையிலிருந்து சுற்றி இன்னொரு நூறு. கம்பளி இழை பட்டு நெசவின் சந்து வழியாக நுழைந்து மறுபக்கம் வந்து அங்கே சடை பிடித்துக்கொள்ளும். பிறகு வெந்நீர் ஊற்றிப் பந்தாகச் சுருட்டி மேஜைமேல் அடித்தால் கம்பளி சுருங்கும். பட்டு சுருங்காது. சுருங்காத பட்டு என்ன செய்யும், கம்பளி இழுத்த இழுப்புக்குக் கொசுவிக்கொள்ளும். கம்பளி இருக்கிற இடம் இறுகி, இல்லாத இடம் உப்பி, துணி முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக ஒரு மேடுபள்ளம் வரும். எந்த மெஷினாலும் கொடுக்க முடியாதது அது. இரண்டு ஸ்கார்ஃப் ஒரே மாதிரி வருவதும் இல்லை.

கனத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பட்டின் கனத்தை மோமி என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மோமி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4.3 கிராம். 8 மோமி சிஃபானில் 220 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் எடுத்தால் 38 கிராம்தான் வரும். மேலே நாற்பது கிராம் கம்பளி. மொத்தம் எண்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. முழுக் கம்பளியைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்று தோன்றலாம். கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். பட்டு வெறுமையாக விட்ட இடங்களில் கழுத்துக்குக் காற்று வரும். ஆகஸ்டில் கடையில் நிற்கிற அம்மா அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி தேடுவார். முழுக் கம்பளியை எடுத்தவர்கள் யாரும் கண்ணாடி தேடியதில்லை.

ஆக, நாலில் நூனோ என்று முடிவானது. ஆனால் உண்மையான கஷ்டமே இனிமேல்தான், எந்தத் துணி என்பதில். நான் தவறு செய்ததெல்லாம் கம்பளியில் இல்லை, துணியில்தான்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, பீரோவில் கிடக்கிற பழைய பட்டுப்புடவை. எனக்கும் தோன்றியது. பாட்டியின் காஞ்சிபுரம், ஒரு பக்கம் இற்றுப்போயிருந்தது, நல்ல பகுதியை வெட்டினேன். ஒரு நாள் முழுக்க உருட்டியும் கம்பளி மேலேயே மிதந்தது. விரலால் கிள்ளித் தூக்கினால் பாலாடை மாதிரி அப்படியே கழன்று வந்தது. காஞ்சிபுரத்தில் இழையை முறுக்கி, இரட்டித்து, நெருக்கி அடித்து நெய்திருக்கிறார்கள். அது ஆயுளுக்கு நிற்பதே அதனால்தான். கம்பளி நுழையச் சந்து ஏது? ஜரிகை இருந்த இடத்தில் இன்னும் மோசம், அடித்த அடியில் ஜரிகை ஒடிந்து முள்ளாகக் குத்தியது. பாட்டி இருந்திருந்தால் என்னை அடித்திருப்பார். பழைய புடவை வேண்டாம் என்பதில்லை. பழைய பட்டு ஜார்ஜெட், பழைய சிஃபான் இருந்தால் அருமையாக வரும். காஞ்சிபுரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மகளுக்குப் பாவாடை தைக்கலாம்.

துணி சரியா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று தாராளமாகப் பட்டால் கம்பளியும் நுழையும். கன்னம் உப்ப ஊதியும் காற்று போகவில்லையா, துணியை மடித்து வைத்துவிட்டு வேறு பாருங்கள். சிஃபானில் காற்று சும்மா பறக்கும். ஜார்ஜெட்டில் கொஞ்சம் தடை இருக்கும், போகும். சைனா சில்க் என்று லைனிங்குக்கு விற்கிற வழுவழுப்பான பட்டில் 5 மோமி என்றால் போகும், 8 மோமிக்கு மேல் கஷ்டம். மல்மல் பருத்தியில் நன்றாகப் போகும். அது விலையும் குறைவு, பழகுவதற்கு அதைவிட நல்ல துணி இல்லை. பட்டின் பளபளப்பு வராது, ஈரமானால் கனக்கும், அவ்வளவுதான். சித்தி மகள், அவள் ஊர்ப் பக்கத்துக் குறிஞ்சிப்பாடிக் கைலித் துணி ஆகுமா என்று கேட்டாள். அங்கிருந்து யோசனை அப்படித்தான் போகும்! ஊதிப் பார்க்கச் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

ஊதினால் சந்து இருக்கிறதா என்று தெரியும், பட்டா இல்லையா என்று தெரியாது. ஒரு கடையில் "ப்யூர் சில்க் சிஃபான்" என்று சொன்னார்கள் என்று நம்பி ஆறு மீட்டர் வாங்கினேன். கம்பளி நன்றாகவே நுழைந்தது. சந்து இருந்தால் கம்பளிக்கு ஜாதி பேதம் கிடையாது, பாலியெஸ்டரிலும் நுழையும். ஸ்கார்ஃபும் பார்க்க நன்றாகத்தான் வந்தது. கழுத்தில் போட்டால் மட்டும் வேர்வை அப்படியே ஒட்டிக்கொண்டது. சந்தேகம் வந்து ஓரத்திலிருந்து நாலு இழை பிரித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். நிஜப் பட்டென்றால் முடி கருகுகிற வாடை வரும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். இது உருகிச் சொட்டி, கறுப்பு மணியாகக் கெட்டித்தது. நகத்தால்கூட உடைக்க முடியவில்லை. நாலு ஸ்கார்ஃப் அதற்குள் செய்து முடித்துவிட்டேன். பட்டு என்று சீட்டு ஒட்டி விற்க மனசு வரவில்லை, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது வாங்குவதற்கு முன் ஒரு துணுக்கு கேட்டு, கடை வாசலிலேயே கொளுத்திப் பார்க்கிறேன். கடைக்காரர் முறைக்கத்தான் செய்வார். முறைக்கட்டும்.

இதே குழப்பம் கம்பளியிலும் உண்டு, ஆனால் அது ஏமாற்று இல்லை, பேச்சு வழக்கு. நம்மூர்க் கடைகளில் "உல்லன்" என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூல். குல்லா பின்னலாம், வாசலில் தோரணம் கட்டலாம், எத்தனை வெந்நீர் ஊற்றினாலும் சடை பிடிக்காது. நிஜக் கம்பளியிலும், மெஷினில் துவைக்கலாம் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். செதிலை மழுக்கியோ மூடியோ விட்டிருப்பார்கள்.

நம் ஆட்டுக் கம்பளி ஆகாதா? நியாயமான கேள்விதான், நானும் அலைந்து பார்த்தேன். நம் பக்கம் மேய்கிற சென்னைச் சிவப்பு ஆட்டுக்கு உடம்பில் இருப்பது குட்டை முடி, கம்பளி அல்ல. மேச்சேரி ஆடும் அப்படியே. இந்த வெயிலில் கம்பளி வைத்துக்கொண்டு அது எப்படிப் பிழைக்கும், பாவம். ராஜஸ்தான் கம்பளி தரைவிரிப்புக்கு ராஜா, கழுத்துக்கு அரிக்கும். இழையின் பருமன் 30 மைக்ரானைத் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் அதன் முனை வளையாமல் தோலில் குத்தும்; அதைத்தான் நாம் அரிப்பு என்கிறோம். ஸ்கார்ஃபுக்கு 19 மைக்ரான் பக்கம் இருக்கிற மெரினோ, அதாவது மெரினோ என்ற செம்மறி இனத்தின் மெல்லிய கம்பளி வேண்டும். மலைப்பக்கம் நீலகிரி ஆடு என்று ஒரு இனம் இருக்கிறது, ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்க்கிறார்கள். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ என்ற ஆட்டினம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி என்று பேசினால் இந்த இரண்டு இடம்தான் என் நினைவுக்கு வரும். ஆனால் சீவித் திரியாக்கி, நிறம் ஏற்றி, கால் கிலோ அரைக் கிலோ என்று நம் கைக்கு வருவது இன்றைக்கும் இறக்குமதி மெரினோதான். அதையே வாங்கச் சொன்னேன். புதுச்சேரி ஏஎஃப்டி பஞ்சாலையில் வேலை பார்த்த பெரியப்பா ஒருநாள் என் கம்பளித் திரியைக் கையில் எடுத்து, "இது ஸ்லைவர்தானே, இதை நூல் ஆக்காம இப்படிப் பிச்சு வீணாக்கறியேம்மா" என்றார். நூற்பதற்கு முந்தின திரியை ஆலையில் ஸ்லைவர் என்பார்கள். வாழ்நாள் முழுக்கப் பஞ்சை நூலாக்கியவர் அவர். நூலே இல்லாமல் ஒரு துணி என்பதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பட்டும் இரண்டு விதமாகச் சேரும். ஒன்று அடியில் இருக்கும் துணி. இன்னொன்று நெய்யாத பட்டு இழை, கம்பளிக்கு மேலே தூவுவது. மல்பெரிப் பட்டு இழை வெள்ளி மாதிரி மின்னும், டஸ்ஸர் தேன் நிறத்தில் வரும். தூவும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இழைக்கு மேல் பூனைமுடி அளவுக்காவது கம்பளி குறுக்கே போக வேண்டும். இல்லாவிட்டால் பட்டைப் பிடிக்க ஆளில்லாமல் முதல் துவைப்பிலேயே கழன்றுவிடும். ஆசையில் அதிகம் தூவாதீர்கள்.

தண்ணீரைப் பற்றிக் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் ஆரம்பத்திலேயே கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். நூனோவில் அது தப்பு. கம்பளி பட்டுக்குள் நுழைவதற்கு முன்பே மேலேயே இறுகிவிடும், அப்புறம் உள்ளே போகாது. நம் ஊர்த் தொட்டித் தண்ணீர் இருக்கிற வெதுவெதுப்பே முதல் பாதிக்குப் போதும். மறுபக்கம் மெல்லிய ரோமம் தெரிந்து, கிள்ளினால் பட்டும் சேர்ந்து எழும்பிய பிறகுதான் வெந்நீர். சோப்பைப் பொறுத்தவரை சாதாரணக் குளியல் சோப்பைச் சீவிக் கரைத்தால் போதும். என்சைம் போட்ட துணி சோப்புத்தூள் பக்கமே போகாதீர்கள், அது புரதக் கறையைத் தின்பதற்கென்றே இருப்பது. கம்பளியும் பட்டும் புரதம்தானே. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காமல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கம்பளியில் ஒட்டிக்கொண்டது. இப்போது கேன் தண்ணீர் அரைக் குடம் வாங்கி அதில்தான் கரைக்கிறேன். அலசுவதற்கு மட்டும் போர் தண்ணீர். மஞ்சக்குப்பத்தில் எப்படி என்று அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாஷிங் மெஷினில் போட்டால் உருட்டுகிற வேலை மிச்சமாகுமே என்று கேட்காதவர்கள் இல்லை. கொசுவலைப் பையில் கட்டிப் போட்டேன் ஒரு தடவை. மடிப்பு மடிப்போடு சேர்ந்து சடை பிடித்து, கயிறாக வந்தது. நாய்க்குட்டியைக் கட்டலாம்.

இன்னொன்று, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது: ஃபேன். கம்பளி பரப்புகிற ஒரு மணி நேரம் ஃபேனை அணைத்தே ஆக வேண்டும். ஒரு சுற்று சுற்றினாலும் அத்தனையும் எழும்பிப் பறந்து சாம்பாரில்கூட விழும். மதியத்துக்கு மேல் கடல் காற்று வேறு வரும். அதனால் நான் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் பரப்பி, கொசுவலை போட்டு நனைத்துவிடுவேன். நனைத்த பிறகு ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்து உருட்டலாம். அலசி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும்.

நிறத்தில் ஒரு சங்கதி சொல்லாமல் விட முடியாது. கம்பளி, பட்டு இரண்டும் புரதம் என்பதால் ஒரே பாத்திரத்தில், ஒரே ஆசிட் சாயத்தில், வினிகர் சேர்த்துச் சாயம் ஏற்றலாம். பருத்தி அதில் நிறம் பிடிக்காது. மல்மலில் செய்தால் இந்த வசதி போய்விடும். நான் இயற்கைச் சாயம் என்று ஆசைப்பட்டு, சிஃபானை மஞ்சளில் முக்கி எடுத்தேன். எலுமிச்சைப் பழ நிறம், பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கம்பளி பரப்பி சோப்புத் தண்ணீரை ஊற்றினதுதான் தாமதம், மேஜை முழுக்க ஆரத்தித் தட்டு! மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள், சோப்பும் காரம்தான் என்பது ஞாபகம் வரவில்லை. கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரில் அலசியதும் மஞ்சள் திரும்பி வந்தது, ஆனால் திட்டுத் திட்டாக. இதில் அவுரி கெட்டிக்காரி. நன்றாக அலசி உலர்த்திய அவுரி நீலத்தைச் சோப்பு ஒன்றும் செய்யாது. ஒரு காலத்தில் இந்த ஊரிலிருந்து நீலச் சாயத் துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் அதை கினே என்றார்கள். சொல்தா வீட்டுப் பாட்டி ஒருத்தியிடம் அவுரி ஸ்கார்ஃப் ஒன்றைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னேன். கதைக்காகவா, நிறத்துக்காகவா தெரியாது, இரண்டு வாங்கினார்.

வினிகர் அலசல் எந்த ஸ்கார்ஃபுக்கும் கட்டாயம். சோப்பு மிஞ்சினால் நாளடைவில் பட்டு நொறுங்கும். ஒரு பக்கெட்டுக்கு ஒரு சின்ன டம்ளர் போதும். பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, நிழலில் படுக்கப்போட்டு உலர்த்த வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் ஆனாலும் உலராது, அந்த மாதங்களில் ஆர்டர் எடுப்பதில்லை. பெட்டியில் வைக்கும்போது பட்டுப்புடவைக்கு வைக்கிற அதே வசம்புதான். பூச்சிக்குக் கம்பளி என்றால் கல்யாணச் சாப்பாடு.

இத்தனையும் போனில் கேட்டுவிட்டு அவள், "சரிக்கா, அப்ப சிஃபான், மெரினோ, நூனோ. எத்தனை மீட்டர் எடுக்கட்டும்?" என்றாள். மீட்டர் கணக்கை நான் சொல்ல முடியாது என்றேன். ஒவ்வொருத்தர் கை அழுத்தத்துக்கும் சுருக்கம் மாறும். மூன்றில் ஒரு பங்கும் சுருங்கும், பாதிக்குப் பாதியும் சுருங்கும். முதலில் முப்பதுக்கு முப்பது செ.மீ. ஒரு துண்டு செய்து, உலர்ந்த பிறகு அளந்து சொல்லச் சொன்னேன். நாலு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஸ்கூல் ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தாள். ஒரு மூலையில் கம்பளி தடித்திருந்தது, மீதி பரவாயில்லை, பின்பக்கம் ரோமம் சீராக வந்திருந்தது. நீளத்தில் 21, அகலத்தில் 23.

"ஏன்க்கா ரெண்டும் ஒரே மாதிரி சுருங்கல?"

"எந்தப் பக்கம் அதிகமா உருட்டினியோ அந்தப் பக்கம் அதிகமா சுருங்கும். நீளவாக்குல நிறைய உருட்டியிருப்ப."

ஒன்றரை மீட்டர் ஸ்கார்ஃபுக்கு 150-ஐ 0.7-ஆல் வகுத்தால் 214. ஓரம் வெட்டுவதற்கும் சேர்த்து, இரண்டேகால் மீட்டர் சிஃபான் வாங்கச் சொல்லியிருக்கிறேன். தீப்பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.